எந்தத் தரையில் ஆடினீர்கள்? கொழும்புக் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு ஓர் இயன்மருத்துவர் எழுதுவது

கோல்ஃப் ஆடுபவர்கள் சிகிச்சைக்கு வந்தால், வலி எங்கே என்று கேட்டதும் அடுத்து நான் கேட்பது, கடைசியாக எந்த மைதானத்தில் ஆடினீர்கள் என்பதைத்தான். ஏப்ரல் விடுமுறை முடிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் நுவரெலியாவில் ஆடியவர்கள். ஜூலை, ஓகஸ்டில் ஸ்கொட்லாந்து போய் வந்தவர்களுக்கு முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி. வருடம் முழுவதும் பொரளையில் ஆடுகிறவர்களுக்கு இடுப்புவலியும் வெயில் களைப்பும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் எந்தத் தரையில் ஆடினார் என்று தெரிந்தால், சிகிச்சையை எங்கே தொடங்குவது என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

உலகின் தலைசிறந்த மைதானங்கள் என்று பட்டியல்கள் நிறைய வருகின்றன. அழகு, வரலாறு, வடிவமைத்தவரின் பெயர் எல்லாவற்றையும் அவை சொல்கின்றன. காலுக்குக் கீழே இருக்கும் மண் எப்படிப்பட்டது, அதில் மட்டை மோதினால் கைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் பணம் சேர்த்து ஒரு பயணத்துக்குத் திட்டமிடும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

கொழும்பில் நமக்குப் பழகியது பார்க்லாந்து வகை. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிய நிலம், வளமான மண், நீர் பாய்ச்சி வளர்த்த அடர்ந்த புல், குளங்கள், ஓரங்களில் மரங்கள். பந்து உயரப் பறந்து வந்து, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்கும். றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879 இல் காலிமுகத்திடலில் தொடங்கியது. 1896 இல் பொரளைக்கு இடம்பெயர்ந்தது. 1928 இல் றோயல் பட்டம் பெற்றது. களனிவெளி ரயில் பாதை இன்றும் மைதானத்தின் ஊடாகத்தான் செல்கிறது. கடற்காற்று அடிக்கும் திறந்த வெளியை விட்டு மர நிழலுக்கு வந்த அந்த இடமாற்றத்தின் பலனை நம் ஆட்டக்காரர்களின் மூட்டுகள் இன்றும் அனுபவிக்கின்றன. மென்மையான தரை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத நடை, வெயில் ஏறினால் ஒதுங்க நிழல். புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கும், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான தரை இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் இடுப்புவலி எங்கிருந்து வருகிறது? மழைக்காலத்தில் நனைந்து ஊறிய தரையில் விழும் பந்து உருள்வதில்லை. வழக்கமான தூரம் கிடைக்காமல் போகவே, அதை உடல் வேகத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இடுப்பை வழக்கத்தைவிட அதிகமாக முறுக்குகிறார்கள், ஈரப் புல்லில் முன்கால் சறுக்குகிறது, முறுக்கிய விசை முழுவதையும் கீழ்முதுகு தாங்க வேண்டியிருக்கிறது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வழக்கமாக எடுப்பதைவிட ஒரு படி நீளமான மட்டையை எடுத்து மெதுவாக வீசுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தேய்ந்த ஆணிகளுள்ள சப்பாத்தை மாற்றுங்கள். இவ்வளவு செய்தாலே பலருக்கு வலி குறைந்துவிடுகிறது.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்க்லாந்தின் அழகும் ஆபத்தும் அவைதான்.

பந்து மரத்தடியில் போய் நிற்கிறது. பார்த்தால் புல், புல்லுக்கு ஓர் அங்குலம் கீழே வேர். முழு வேகத்தில் வரும் இரும்பு மட்டை வேரில் மோதி அப்படியே நின்றுவிட, பிடியின் அடிப்பகுதி வலக்கை ஆட்டக்காரரின் இடது உள்ளங்கையில் குத்துகிறது. அந்த இடத்தில் ஹமேட் என்ற சிறிய எலும்பிலிருந்து கொக்கி போல ஒரு நீட்சி உண்டு. அது உடைந்து வருபவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை: "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள், ஆனால் மட்டையைப் பிடிக்க முடியவில்லை." சின்னவிரல் பக்கம், உள்ளங்கையின் அடிமேட்டை என் பெருவிரலால் மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டால் சந்தேகம் உறுதியாகிவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த முறிவு பல வேளைகளில் தெரியாது, சி.டி. ஸ்கேன் தேவைப்படும். சதைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாரக்கணக்கில் ஆடுவது, எலும்பு கூடாமல் போக வழி செய்வதாகும்.

மரத்தடியில் அடிபடுவது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் நேர்கிறது. பார்க்லாந்து வகையின் உச்சமாகப் பலரும் சொல்லும் அமெரிக்காவின் ஒகஸ்டா நெஷனல், பழைய பழமர நாற்றுப்பண்ணையொன்றில் ஆட்டக்காரர் பொபி ஜோன்ஸும் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மக்கென்ஸியும் வடிவமைத்து 1933 இல் திறந்த மைதானம். அங்கே நடந்த 2011 மாஸ்டர்ஸ் போட்டியின் மூன்றாம் நாள், 17ஆவது குழியில், ஐசனோவர் மரம் என்று பெயர்பெற்ற பைன் மரத்தின் கீழே உதிர்ந்து கிடந்த ஊசியிலைகளின் மேலிருந்து ஆடியபோது டைகர் வூட்ஸ் இடது முழங்காலையும் குதிநாணையும் காயப்படுத்திக்கொண்டார். அதன்பின் பிளேயர்ஸ் போட்டியில் பாதியிலேயே விலகினார், அந்த ஆண்டின் அமெரிக்க ஓப்பனில் ஆடவில்லை. அவருக்கு அது பெரும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடும் நமக்கு விதிகளே வழி தருகின்றன: ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு தண்டனை அடியோடு, குழிக்கு அருகே போகாமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் பந்தைப் போட்டு ஆடலாம். ஃபெயர்வேயில், அதாவது குழியை நோக்கிப் புல் வெட்டிய பாதையில், வெளித்தெரியும் வேர்களுக்குத் தண்டனையின்றியே விலக்குத் தரும் உள்ளூர் விதியைக் கழகங்கள் விரும்பினால் நடைமுறைப்படுத்தலாம். உங்கள் கழகத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் ஓக்மொண்ட் மைதானம் 1903 இல் மரமற்ற வெளியாகத் தொடங்கியது. 1960களில் மரங்களை நட்டுப் பார்க்லாந்து ஆக்கினார்கள். 1990களிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டி மீண்டும் வெளியாக்கிவிட்டார்கள். புல்லுக்கு வெயிலும் காற்றும் கிடைத்தன. கொழும்பில் அப்படிச் செய்தால் ஒன்பதாவது குழியை எட்டும் முன்பே பலர் சுருண்டுவிடுவார்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் வியர்வை காய்வதில்லை, உடல் சூடு தணிவதில்லை. நிழல் இங்கே மருந்து.

ஒரே ஒரு நேரத்தில் அந்த நிழலுக்குப் போகவே கூடாது: இடி இடிக்கும்போது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் கொழும்பு வானம் எவ்வளவு விரைவாக மாறும் என்று நமக்குத் தெரியும். 1991 இல் ஹேசல்டீனில் நடந்த அமெரிக்க ஓப்பனில், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய பார்வையாளர்கள் மீது மின்னல் பாய்ந்து ஒருவர் இறந்தார். இடிச்சத்தம் கேட்டதும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடங்கள் வெளியே வராதீர்கள். மரத்தடியில் குடை பிடித்து நின்று "இந்தக் குழியை மட்டும் முடித்துவிடுவோம்" என்று சொல்பவரை, அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.

இனி லிங்ஸ். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவேயுள்ள மணற்பாங்கான மேடுபள்ள நிலம், குட்டையான மெல்லிய புல், மரமில்லை, காற்று ஓய்வதில்லை. 1860 இல் ஸ்கொட்லாந்தின் பிரஸ்ட்விக்கில் தொடங்கிய பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி இன்றுவரை லிங்ஸ் மைதானங்களில்தான் நடக்கிறது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்பது நம்மவர்கள் பலரின் கனவு. அது நியாயமான கனவு. ஆனால் அங்கே தரை இறுக்கமானது. கொழும்புப் புல்லில் பந்துக்குக் கீழே மண்ணை வெட்டி எடுக்கப் பழகிய கை, அங்கேயும் அதே கோணத்தில் இறங்கினால் மட்டை துள்ளித் திரும்பும். அந்த அதிர்ச்சியை முழங்கையின் தசைநாண்கள் வாங்கிக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரருக்கு வலது முழங்கையின் உட்புறமும் இடது முழங்கையின் வெளிப்புறமும் முதலில் வலிக்கும். போதாக்குறைக்குக் குளிர். 30 பாகைச் செல்சியஸில் வாழ்ந்த உடல் காலை ஏழு மணிக் கடற்காற்றில் விறைத்திருக்கும்போது, முதல் அடியையே முழு வேகத்தில் அடிக்கிறார்கள். பங்கர்கள் எனப்படும் ஆழமான மணற்குழிகளில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நின்று அடிப்பது இடுப்புக்கு வேறு சோதனை.

போவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே முன்கைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்குங்கள். மண்ணை வெட்டாமல் பந்தை மட்டும் வாரி அடிக்கப் பயிற்றுநரிடம் பழகுங்கள். அதைக் கொங்கிரீட் மேல் விரித்த செயற்கைப் புல் விரிப்பில் மணிக்கணக்காகச் செய்யாதீர்கள். பயணத்துக்கு முன்பே முழங்கை கெட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் சன்னிங்டேல், வோல்டன் ஹீத் போன்ற ஹீத்லாந்து மைதானங்கள் மணல்தரையும் மரங்களும் கலந்தவை. அங்கே ஊதாப்பூப் பூக்கும் ஹெதர் புதர் மட்டையின் கழுத்தைச் சுற்றி மணிக்கட்டைத் திருப்பிவிடும். அதற்குள் வீரம் காட்ட வேண்டாம். டுபாயில் 1988 இல் திறந்த மஜ்லிஸ் போன்ற பாலைவன மைதானங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் நீரிழப்பு தெரியவே தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

நம் நாட்டிலேயே தரை எவ்வளவு மாறுகிறது பாருங்கள். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999 இல் திறந்த திகன விக்டோரியா மைதானமும் பார்க்லாந்துதான். நீர்த்தேக்கத்தையும் மலைகளையும் பார்த்துக்கொண்டு ஆடலாம். என் கண்ணுக்கு இலங்கையின் மிக அழகான மைதானம் அதுவே. ஆனால் கொழும்பின் சமதரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1889 இல் தோன்றிய நுவரெலியாக் கழகமும் மரங்கள் நிறைந்ததுதான். ஊரின் உயரம் 1,868 மீற்றர். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். இதய நோயாளிகள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும். முழங்காலைக் கெடுப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும், கொழும்பில் அந்தத் தசைக்கு அப்படி ஒரு வேலையே இல்லை. "ஐயா, நேராக இறங்காதீர்கள், பக்கவாட்டாக வாருங்கள்" என்று அங்கே பை தூக்கும் தமிழ்த் தம்பிகள் சொல்வதைக் கேளுங்கள். நான் பயிற்சி அறையில் சொல்லித் தருவதும் அதையேதான்.

அந்தத் தம்பிகளைப் பற்றியும் எழுத வேண்டும். நிரம்பிய கோல்ஃப் பை ஒன்று 12, 15 கிலோ இருக்கும். அதை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, நாம் நடக்கும் அதே மேடுபள்ளத்தில், சிலர் ஒரு நாளில் இரண்டு முறை சுற்றுகிறார்கள். கழுத்துவலி, தோள்வலி என்று அவர்கள் சிகிச்சைக்கு வருவது அரிது. ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். விதிப்படி 14 மட்டைகள் என்பது உச்சவரம்பு. அத்தனையையும் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை. மலைக்குப் புறப்படும் முன் பையைத் தராசில் வையுங்கள். நீங்கள் தொடாத நான்கு மட்டைகளையும், பழைய பந்துகளையும், இரண்டாவது குடையையும் வீட்டிலேயே விடுங்கள். இரு தோளிலும் மாட்டும் வார் உள்ள பையை வாங்குங்கள்.