மண்புழு உரத்துக்குள் ஒரு வேட்டைக்காடு

வீட்டில் தயாரித்த மண்புழு உரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, குளோரின் இல்லாத தண்ணீரில் கலக்கி, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் வெறும் குப்பைதான் தெரியும். 400 மடங்கு பெரிதாக்கி, கீழிருந்து வரும் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் காட்சி மாறும். பாக்டீரியாவுக்கு நிறம் கிடையாது. வெளிச்சம் கூடினால் கண்ணுக்குச் சிக்காது.

இப்போது எங்கும் புள்ளிகள் துடிக்கும். எல்லாம் உயிர் என்று நினைத்துவிட வேண்டாம். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் உயிரற்ற தூசியும் இருந்த இடத்திலேயே நடுங்கும். 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் கவனித்த அதே நடுக்கம்தான். ஒரு பக்கமாக நீந்திப் போனால் அது பாக்டீரியாவாக இருக்கலாம்.

இவை எங்கிருந்து வந்தன? மண்புழுவுக்குப் பல் இல்லை. தின்றதை அதன் உடலுக்குள் இருக்கும் ‘அரைவைப் பை’ என்ற தசைப்பை நசுக்குகிறது. அடுத்து வரும் குடலில் ஈரமும் சளியும் உண்டு, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. உணவோடு உள்ளே போன பாக்டீரியாக்களில் சில அங்கே செரித்துப் போகின்றன. உறங்கிக் கிடந்த சில விழித்துப் பெருகுகின்றன. அதனால் புழு தின்றதில் இருந்த கூட்டம் வேறு, எச்சத்தில் இருக்கும் கூட்டம் வேறு.

உண்மையில் செடிக்கு லாபம் அடுத்த கட்டத்தில்தான். சற்று நேரம் பொறுமையாகப் பார்த்தால் வேட்டைக்காரர்கள் வருவார்கள்: சாட்டை போன்ற இழையைச் சுழற்றி நீந்தும் ஓரணு உயிரிகள், வழிந்து நகரும் அமீபாக்கள். பாக்டீரியாவின் உடலில் நைட்ரஜன் அதிகம். அதைத் தின்னும் அமீபாவுக்கு அவ்வளவும் தேவைப்படாது. மிச்சத்தை அம்மோனியமாக வெளியே விட்டுவிடும். பாக்டீரியாவுக்குள் பூட்டிக் கிடந்த சத்து அப்படித்தான் வேருக்கு எட்டுகிறது. பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழுக்கள் செய்வதும் இதே வேலைதான். வாயில் ஊசி இருக்கும் நூற்புழுவைக் கண்டால் மட்டும் கொஞ்சம் உஷார்: வேரைக் குத்தி உறிஞ்சும் இனங்களுக்கு அது உண்டு. ஆனால் ஊசி இருப்பதெல்லாம் வேரைத் தின்பதில்லை.

உடல் முழுக்க மயிரிழைகளோடு விர்ரென்று ஓடும் உயிரிகள் மிக அதிகமாகத் தெரிந்தால் உரப்பெட்டியில் ஈரம் கூடி, காற்று குறைந்திருக்கலாம். அவற்றில் பல, ஆக்சிஜன் குறைந்த இடத்தையும் தாங்கும். மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் இந்தக் கருவியால் முடியாது. குச்சி வடிவில் தெரிவது நல்ல பாக்டீரியாவா, வயிற்றைக் கெடுப்பதா என்று உருவத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. சூடேறும் கம்போஸ்டில் கிருமிகள் வெப்பத்தில் சாகும். புழுப்பெட்டி அந்தளவு சூடாவதில்லை. ஸ்லைடை எடுத்து வைத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.