சைடு கண்ணாடியின் 2.3 மில்லிமீட்டர் புடைப்பு

வாசலில் நிறுத்தியிருந்த அப்பாவின் பழைய காரை ஏதோ ஒரு வண்டி உரசிவிட்டுப் போய்விட்டது. வலது சைடு மிரரின் பிளாஸ்டிக் கூடு தப்பியது, கண்ணாடி மட்டும் நொறுங்கியது. அப்பா உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் அடுக்கி அளவெடுத்து, பக்கத்துத் தெருக் கண்ணாடிக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடியை அதே வடிவில் அறுத்து வாங்கிவந்து ஒட்டிவிட்டார். "முன்னைவிடப் பளிச்சுன்னு தெரியுதுடா" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

உடைந்துபோனது குவி ஆடி, அதாவது வெளிப்பக்கம் லேசாகப் புடைத்த கண்ணாடி. அப்பா ஒட்டியதோ புடைப்பே இல்லாத சமதளக் கண்ணாடி. கார்களின் பக்கக் கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1200 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது ஐ.நா.வின் 46ஆம் ஒழுங்குவிதி. ஆரத்தை அந்த 1200 என்றே வைத்துக்கொள்வோம். 2.4 மீட்டர் விட்டமுள்ள ராட்சதப் பந்தின் தோலிலிருந்து 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டை நறுக்கினால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்டத் தட்டையாகத்தான் இருக்கும். நடுப்பகுதி விளிம்பைவிட 2.3 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும். சும்மா பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

ஆனால் அந்தச் சின்னப் புடைப்பு செய்யும் வேலை பெரிது. ஓட்டுபவரின் கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளியிருக்கும் 15 செ.மீ. சமதளக் கண்ணாடியில் பின்பக்கச் சாலை சுமார் 12 டிகிரி அகலத்துக்குத் தெரியும். அதே அளவுக் குவி ஆடியில் சுமார் 26 டிகிரி. இருமடங்குக்கும் மேல். பக்கவாட்டில் நுழைந்து வரும் டூவீலர் இந்தக் கூடுதல் 14 டிகிரிக்குள்தான் பெரும்பாலும் இருக்கும்.

இதற்கு விலை உண்டு. அகலம் கூடினால் உருவம் சிறுக்கும். மேலே சொன்ன கணக்கில், 12 மீட்டர் பின்னால் வரும் லாரி, சமதளக் கண்ணாடியில் 26 மீட்டர் பின்னால் வரும் லாரியின் அளவில்தான் தெரியும். கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன என்று பொறித்திருப்பார்களே, அது இதற்காகத்தான். அமெரிக்காவில் ஓட்டுநர் பக்கம் சமதளக் கண்ணாடிதான் இருக்கவேண்டும் என்பது விதி. அடுத்த பக்கத்தில் குவி ஆடி வைத்தால் அந்த வாசகமும் கட்டாயம். ஆக, சமதளக் கண்ணாடியே தப்பு என்று சொல்லிவிட முடியாது. இருபது வருடம் குவி ஆடிக்குப் பழகிய கண்ணிடம் சொல்லாமல் மாற்றுவதுதான் தப்பு. இவ்வளவு சின்னதாகத் தெரிந்தால் இவ்வளவு தூரம் என்று அப்பாவின் மூளை போட்டுவைத்திருக்கும் கணக்கு அத்தனையும் ஒரே நாளில் பொய்யாகிவிடும்.

சரி, பளிச்சென்று தெரிந்தது ஏன்? குவி ஆடியில் தெரியும் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அரை மீட்டரை ஒட்டி உருவாகிறது. லாரி எவ்வளவு தூரத்தில் வந்தாலும், கண் குவியவேண்டியது ஒன்றேகால் மீட்டர் தூரத்தில். அறுபது வயதைத் தாண்டியவரின் கண் லென்ஸ் அவ்வளவு வளைந்து கொடுக்காது. தூரத்தைப் பார்ப்பதற்கான மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் பிம்பம் ஒரு துளி மங்கலாகத் தெரியும். சமதளக் கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை.

பளிச்சுக்கு இன்னொரு காரணம் ரசம். பழைய கண்ணாடிகளுக்குப் பாதரசமும் வெள்ளீயமும் கலந்து பூசினார்கள். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகும் நம் பேச்சில் ரசம் போகவில்லை. வீட்டுக் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு பெரும்பாலான ஒளியைத் திருப்பிவிடும். கார் கண்ணாடிகளில் பெரும்பாலும் குரோமியமோ அலுமினியமோதான். குரோமியம் கொஞ்சம் மங்கல், ஆனால் இரவில் பின்னால் வரும் ஹைபீம் கண்ணை அவ்வளவாகக் குத்தாது. மேலே சொன்ன ஐ.நா. விதி கேட்பதும் குறைந்தது 40 சதவீதப் பிரதிபலிப்பைத்தான். தவிர, அறுத்த விளிம்பை மூடாமல் மழையில் விட்டால் ஈரம் உள்ளே ஏறி ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும்.

எனவே சரியான கண்ணாடி தேடிப் புறப்பட்டோம். சென்னையில் என்றால் புதுப்பேட்டை, இல்லையென்றால் ஜி.பி. ரோடு. 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800 மாதிரியான வண்டிகளுக்கு உதிரிபாகம் தேடுபவர்களும் வந்து நிற்கும் இடங்கள் இவை. கடையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்போடு கண்ணாடியின் மேல் வையுங்கள். நடுவில் தொட்டு இரண்டு முனையிலும் இடைவெளி விட்டால் குவி ஆடி. முழுக்கப் படிந்தால் சமதளம். அடுத்த பக்கத்துக் கண்ணாடியை வாங்கிவிடாதீர்கள், வடிவம் தலைகீழாக இருக்கும்.

கழற்றுவதற்கு முன் உடைந்த கண்ணாடி மேல் செலோ டேப் ஒட்டி, கையுறை போட்டுக்கொண்டு, ஹேர் டிரையரால் சூடேற்றினால் பசை இளகும். உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் தட்டு நடுவில் ஒரு பந்து மூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வெயிலில் வறண்ட பழைய பிளாஸ்டிக், நெம்பினால் பட்டென்று போய்விடும். நிதானம் தேவை.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் வேண்டாம். வெயிலில் 40 டிகிரி சூடு ஏறினால் 15 செ.மீ. பிளாஸ்டிக் தட்டு அரை மி.மீ. நீளும், கண்ணாடி அதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். இறுகிப்போகும் பசை இந்த இழுபறியில் விட்டுவிடும். ரப்பர் போல வளையும் சிலிகான் பசையோ தடித்த இருபக்க டேப்போ தாங்கும். சிலிகானில் வினிகர் வாடை வந்தால் அதை வாங்காதீர்கள், அந்த அமிலம் ரசத்தைத் தின்னும்.

ஒருநாள் காயவிட்டு, தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தார் அப்பா. இறங்கியதும் சொன்னார்: "பழையபடி எல்லாம் தள்ளிப் போயிடுச்சுடா."