மச்சம் ஏன் ஊர் கிளம்புகிறது?

"உள்ளங்காலில் மச்சம் இருந்தால் பயண யோகம் என்பார்கள். என் சித்தப்பாவுக்கு அங்கே வந்த கரும்புள்ளி புற்றாகி நுரையீரல்வரை போய்விட்டது. எல்லோருக்கும்தான் மச்சம் இருக்கிறது, சிலது மட்டும் ஏன் இப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் என் ஆதங்கம். நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற இந்தத் தோல் நிறமிப் புற்று அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் வரும். அங்கே புதிதாக வளரும் புள்ளிக்குப் பலன் பார்த்துக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி கேள்விக்கு வருவோம். மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற மரபணு பிழைபட்டிருக்கும். (உள்ளங்கால் வகையில் இது குறைவு.) ஆனால் ஆயுள் முழுக்கச் சாதுவாகக் கிடக்கும் மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே பிழை உண்டு! அப்படியானால் வேறு ஏதோ சேர வேண்டும்.

ஒரு செல்லின் டிஎன்ஏ சுமார் 2 மீட்டர் நீளம். ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் நூல்கண்டுபோலச் சுற்றிக் கிடக்கிறது. இறுகிய இடத்திலுள்ள மரபணுவைச் செல்லால் வாசிக்க முடியாது. எங்கே இறுக்குவது என்று ஹிஸ்டோனில் மெத்தில் என்ற சிறு வேதி அடையாளத்தை ஒட்டும் நொதிகளுள் ஒன்று இஇசட்எச்2. டிஎன்ஏவின் எழுத்து ஒன்றுகூட மாறாமல் மரபணு ஊமையாகிவிடும். எபிஜெனெடிக்ஸ் என்பது இதுதான்.

இந்த நொதி மிகுந்தால் எதை ஊமையாக்குகிறது தெரியுமா? நம் உடலின் பெரும்பாலான செல்களில் ஒற்றை மயிர்போல ஒரு குற்றிழை நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பிடிக்கும் ஆன்டெனா அது. அதைக் கட்டிக் காக்கும் மரபணுக்களைத்தான் இஇசட்எச்2 பூட்டுகிறது என்று 2018-இல் சூரிச் பல்கலைக்கழகக் குழு எலிகளில் காட்டியது. ஆன்டெனா போனதும், செல்லைப் பெருகத் தூண்டும் 'விண்ட்' சமிக்ஞை ஓங்குகிறது. மச்சத்துச் செல்லில் குற்றிழையை மட்டும் அழித்தாலே போதும், அது பரவும் மெலனோமாவாக மாறிவிட்டது. எனக்குச் சிலிர்த்த இடம் அடுத்தது: நொதியைத் தடுத்ததும் புற்றுச் செல்லில் குற்றிழை திரும்ப முளைத்தது, பெருக்கம் அடங்கியது. எழுத்துப்பிழையை அழிப்பது கடினம். பூட்டைத் திறக்க முடிகிறது.

இந்தக் குற்றிழையைப் பயனற்ற எச்சம் என்று உயிரியலாளர்கள் பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

இஇசட்எச்2-வைத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் மாத்திரைக்கு 2020-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் அது முதலில் சார்கோமா என்ற வேறொரு அரிய புற்றின் ஒரு வகைக்கு; மெலனோமாவுக்கு அல்ல.