‘அழித்துவிட்டேன்’ என்று அவன் அனுப்பிய வீடியோ

போன வாரம் ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை நீட்டினார். பதினொரு விநாடி ஓடும் ஒரு வீடியோ. யாரோ ஒருவனின் கைப்பேசித் திரை. கேலரி திறக்கிறது, ஒரு கட்டைவிரல் இவருடைய அந்தரங்கப் படத்தை அழுத்துகிறது, குப்பைத்தொட்டிக் குறியைத் தொடுகிறது, படம் காணாமல் போகிறது.

“அழிச்சிட்டான் சார், நீங்களே பாருங்க. அப்புறம் எப்படி மறுபடியும் பணம் கேக்குறான்?”

படத்தைப் பரப்பிவிடுவேன் என்று மிரட்டியவனுக்கு அதற்குள் நான்கு முறை பணம் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு வீடியோ வந்திருக்கிறது. நான்கு முறையும் நம்பியிருக்கிறார்.

நான் டிஜிட்டல் தடயவியல் பார்ப்பவன். கைப்பேசியில் அழித்ததை மீட்டுத் தருவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். என்னிடமே வந்து ‘அழித்துவிட்டான்’ என்று சொன்னவர்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சிக்குகிறார்கள் என்பதை விரிக்கப் போவதில்லை. அழகான முகப்படம், இரண்டு நாள் இனிமையான பேச்சு, ‘நான் அனுப்பிட்டேன், இப்ப நீ’ என்று ஒரு வரி. படம் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் உங்கள் நண்பர்கள், உறவினர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு தொகையும் வந்துவிடும். எதிர்முனையில் இருப்பது பெரும்பாலும் அந்த முகப்படத்தில் இருப்பவரே இல்லை. பெண்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்தால் அதுவும் தவறு. பணம் பறிக்கும் இந்த வகை மிரட்டலில் 14 முதல் 17 வயதுப் பையன்கள்தான் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. 2024 ஜூலையில் மெட்டா நிறுவனம் இந்த மோசடி தொடர்பாக நைஜீரியாவிலிருந்து இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை ஒரே வீச்சில் நீக்கியது. இதைக் கூட்டமாக உட்கார்ந்து வேலையாகச் செய்கிறார்கள்.

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினேன். குப்பைத்தொட்டியைத் தொட்டால் படம் அழியாது, இடம் மாறும், அவ்வளவுதான். ஐபோனில் அது இன்னொரு ஆல்பத்தில் 30 நாள் வரை கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். வீடியோ முடிந்த மறுநொடி அவன் ‘மீட்டெடு’ என்று தொட்டிருந்தால் படம் பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

அந்தக் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். படம் அவன் கைக்குப் போனதுமே சாட்டில் ஒன்று, கேலரியில் ஒன்று, பேக்கப்பில் ஒன்று, கூட்டாளியின் கைப்பேசியில் ஒன்று என்று பெருகியிருக்கும். மொத்தம் எத்தனை என்று அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். கடன் பத்திரத்தின் ஜெராக்ஸைக் கிழித்துக் காட்டிவிட்டு, ‘கணக்கு தீர்ந்தது, போ’ என்று சொல்வதைப் போன்றதுதான் இது. மூலப்பத்திரம் எங்கே என்று கேட்க மாட்டோமா? இங்கே மூலம், நகல் என்ற பேதமே கிடையாது. எல்லாமே மூலம்.

திரையில் இன்னொன்றையும் காட்டினேன். கேலரி திறக்கும்போது இவருடைய படத்துக்கு மேலும் கீழுமாக வேறு ஐந்து பேர் குட்டிக் குட்டிப் படங்களாகத் தெரிகிறார்கள். அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், அவர்கள் கண்ணில் படவே இல்லை. தன் படம் மறையும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல் முறை பணம் கொடுத்ததும் அவனுக்கு மூன்று விஷயம் தெரிந்துவிடுகிறது. உங்களிடம் பணம் இருக்கிறது, பயம் இருக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டவன் ஏன் படத்தை அழிக்கப் போகிறான்?

‘ஒருமுறை மட்டும் பார்க்கும்படிதானே அனுப்பினேன்’ என்பார்கள். வாட்ஸ்அப்பில் 2021இல் வந்த வசதி அது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி பின்னர் தடுத்தும் விட்டார்கள். பக்கத்தில் இன்னொரு கைப்பேசியை வைத்துத் திரையைப் படம் எடுப்பவனை எந்தச் செயலி தடுக்கும்? ‘முகம் தெரியாமல்தான் எடுத்தேன்’ என்பார்கள். கழுத்து மச்சமும் கையில் குத்திய பச்சையும் பின்னால் இருக்கும் திரைச்சீலையும் போதும். படம் தெளிவாக இருக்கட்டும் என்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பியவர்களும் உண்டு. அப்படிப் போகும் கோப்பில், கைப்பேசியில் இடம் பதியும் அமைப்பு இயங்கியிருந்தால், படம் எடுத்த இடமும் சேர்ந்தே போகும்.

ஆகவே முன்பின் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். வீடியோ அழைப்பில் பார்த்ததால் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். ஏற்கெனவே பதிவு செய்த வீடியோவை அழைப்பில் ஓட்டுவதெல்லாம் பழைய வித்தை.

அனுப்பிவிட்டீர்களா? பணம் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இனிமேல் கொடுக்காதீர்கள். பேரம் பேசாதீர்கள், கெஞ்சாதீர்கள். அப்புறம், தயவுசெய்து, கைகூப்பிக் கேட்கிறேன், சாட் உரையாடலை அழித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்! வெட்கத்தில் முதல் காரியமாக அதைத்தான் செய்கிறார்கள். அவன் அழித்ததாகச் சொல்வது அழிவதில்லை, நீங்கள் அழிக்கும் ஆதாரம்தான் போய்த் தொலைகிறது. மிரட்டல் செய்திகள், அவனுடைய கணக்கின் பக்க முகவரி, எண், பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் முதலில் சேமியுங்கள். காட்சிப் பெயர் மட்டும் போதாது, அதை நிமிடத்தில் மாற்றிவிடுவான். சேமித்த பிறகு அந்தத் தளத்தில் புகார் செய்து, அவன் கணக்கை பிளாக் செய்து, காவல்துறையின் சைபர் பிரிவுக்குப் போங்கள். உங்கள் நண்பர்கள் பட்டியலை அன்றைக்கே மறைத்துவையுங்கள்.

படம் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு சேவை 2021 முதல் இயங்குகிறது, கட்டணம் கிடையாது. உங்கள் படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. படத்துக்கு விரல்ரேகை மாதிரி ஓர் எண்குறி உருவாகும், அது மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் அடையாளம் கண்டு எடுத்துவிட முடியும். எல்லா இணையதளங்களும் இதில் சேரவில்லை, தனிப்பட்ட சாட்டில் போவதை இது பிடிக்காது. ஆனாலும் அவன் பெரும்பாலும் ‘இங்கேதான் போடுவேன்’ என்று மிரட்டும் இடங்களை இது காக்கிறது. படம் எடுத்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற தனிச் சேவை 2023 முதல் இருக்கிறது. எந்தப் படமும் அனுப்பாமலேயே, சாதாரண முகப்படத்தை வைத்துப் போலி நிர்வாணப் படம் செய்து மிரட்டினாலும் வழி இதேதான்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று. பிள்ளை வந்து சொல்லும்போது ‘ஏன் அனுப்பினாய்’ என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். மிரட்டுபவன் நம்பியிருப்பதே அந்தக் கேள்வியைத்தான். அதற்குப் பயந்து உயிரையே விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றிரவு அவர்களைத் தனியாக விடாதீர்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் யாராவது ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

அந்த இளைஞர் ஐந்தாம் முறை பணம் அனுப்பவில்லை. புதுக் கணக்குகளிலிருந்து மூன்று மிரட்டல்கள் வந்தன, அப்புறம் நின்றுவிட்டது. அவன் படத்தை இன்னும் வைத்திருப்பான் என்று அவருக்குத் தெரியும், நானும் மறைக்கவில்லை. புகாரோடு அந்தப் பதினொரு விநாடி வீடியோவையும் இணைத்துக் கொடுத்தோம். மற்ற ஐந்து பேரும் அதில் இருக்கிறார்கள்.