நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு சந்து

நியூயார்க்கை அடுத்த ஜெர்சி சிட்டியில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கேபிளை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் ஆன்டெனா வைத்தேன். நியூயார்க் நிலையங்கள் 2, 4, 5, 7, 9, 11, 13 என்று வருகின்றன. ஒன்று விட்டு ஒன்று என்றால் 4-ம் 5-ம் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டன?"

நல்ல கண். முதலில் ஒரு விஷயம்: சி.பி.எஸ்., என்.பி.சி. போன்றவை நிகழ்ச்சி தரும் வலையமைப்புகள். அலையை வானில் விடுவது அந்தந்த ஊர் நிலையம். சில நிலையங்கள் வலையமைப்புக்கே சொந்தம், மற்றவை ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை. அதனால்தான் நியூயார்க்கில் 2-ல் வரும் சி.பி.எஸ்., பிலடெல்ஃபியாவில் 3-ல் வருகிறது.

சரி, எண்களுக்கு வருவோம். ஒவ்வொரு சேனலுக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் (அலையின் அதிர்வெண்ணை அளக்கும் அலகு) அகலம். சேனல் 2-க்கு 54 முதல் 60 வரை, 3-க்கு 60 முதல் 66 வரை. அனலாக் காலத்தில் இந்த ஆறுக்குள் படத்தைச் சுமக்க ஓர் அலை, ஒலியைச் சுமக்க ஓர் அலை. படம் கீழ் ஓரத்திலும் ஒலி மேல் ஓரத்திலும் உட்கார்ந்திருக்கும். 2-ன் ஒலி 59.75-ல், 3-ன் படம் 61.25-ல். இடைவெளி வெறும் 1.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வீட்டில் பாட்டுக்காரர் குடியிருக்கும் அறைக்கு ஒட்டிய சுவரின் மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரர் படுக்கையைப் போட்ட கதை! அந்தக் கால வால்வு டி.வி. பெட்டிகளில், வேண்டிய சேனலை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளால் இவ்வளவு நெருக்கத்தில் பிரிக்க முடியாது. கீழ்ச் சேனலின் ஒலி மேல்ச் சேனலின் படத்தில் கோடு கோடாக நெளியும். எனவே ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துச் சேனல் கூடாது என்றார்கள்.

இப்போது 4-ஐப் பாருங்கள். அது 72-ல் முடிகிறது. 5 தொடங்குவதோ 76-ல்! எண்கள்தான் அண்டை வீட்டுக்காரர்கள், நடுவில் 4 மெகாஹெர்ட்ஸ் சந்து ஓடுகிறது. 1.5 ஆக இருந்த இடைவெளி 5.5 ஆகிவிடுகிறது. அந்தச் சந்தும் சும்மா இல்லை: தரையிறங்கும் விமானத்துக்கு ஓடுபாதை எவ்வளவு தூரம் என்று சொல்லும் குறிப்பலை 75 மெகாஹெர்ட்ஸில்தான். எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த இடம் இதுதான்.

பக்கத்து ஊர்கள் ஒரே எண்ணைப் போட்டால் அலைகள் மோதும்; அதனால் நியூயார்க் விட்டுவைத்த எண்களில்தான் பிலடெல்ஃபியா பிழைத்தது: 3, 6, 10, 12. அங்கே 6-ன் ஒலி எஃப்.எம். அலைவரிசைக்குச் சற்றே கீழே விழுந்ததால், அனலாக் காலத்தில் ரேடியோவை 87.7-க்குத் திருப்பினாலே டி.வி. கேட்டது.

 

ஆனால் உங்கள் திரையில் தெரியும் எண்கள் பழைய பெயர்ப்பலகைகள். 2009 ஜூன் 12-ல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக்கை அணைத்தன. டிஜிட்டல் அலை, "நான் 2" என்று ஒரு சின்னத் தகவலைக் கூடவே அனுப்புகிறது. பெட்டி அதை நம்பிக் காட்டுகிறது. உண்மையில் சி.பி.எஸ். 2 இருப்பது 36-ல், என்.பி.சி. 4 இருப்பது 35-ல். நடுவில் 3-ஐக் காலியாக விட்டுப் பிரித்து வைத்த அதே இருவர் இன்று ஒரே சுவருக்கு இருபுறமும்! டிஜிட்டலில் ஆற்றல் ஓரங்களில் குவியாமல் ஆறு மெகாஹெர்ட்ஸிலும் பரவிக் கிடக்கிறது, வடிகட்டிகளும் தேறிவிட்டன.

36-க்கு மறுபக்கம், 37, நாடு முழுக்க எந்த நிலையத்துக்கும் கொடுக்கப்படவில்லை. வானொலி வானியலாளர்கள் விண்மீன்களின் முனகலைக் கேட்பதற்காக ஒதுக்கியது. ஏலம் விட்டால் கொட்டும் பணத்தை நினைத்தால், அறிவியலுக்கு இதைவிடப் பெரிய மானியம் கிடையாது என்பேன்.