ஃபேக்டர் எட்டு செய்த வேலையை யார் பார்ப்பது?

ரத்தம் சரியாக உறையாத மரபணு நோயான ஹீமோபிலியா என்றால் விரலில் கீறினாலே ரத்தம் நிற்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சின்னக் கீறலை ரத்தத்திலுள்ள தட்டணுக்களே அடைத்துவிடும். தொல்லை உள்ளேதான். நோய் கடுமையாக இருந்தால், எங்கும் இடிக்காமலே முழங்காலுக்குள் ரத்தம் கசியும். மூட்டு வீங்கிச் சூடாகும். காலை நீட்ட முடியாது. ஒரே மூட்டில் இது திரும்பத் திரும்ப நடந்தால் குருத்தெலும்பு அரித்துப்போகும்.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களுக்கு ஃபேக்டர் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ரத்தம் உறைய, ஃபேக்டர் ஒன்பது போய் ஃபேக்டர் பத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற தரகர்தான் ஃபேக்டர் எட்டு. ஹீமோபிலியா ஏ என்ற வகையில் அந்தத் தரகர் இல்லை, அல்லது போதாது. சரி, வெளியிலிருந்து ஏற்றலாம் என்றால், வழக்கமான மருந்தில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை குழந்தையின் கையில் ரத்தக்குழாய் தேட வேண்டும். போதாததற்கு, கடுமையான நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரின் உடல் அந்த மருந்தையே எதிரியாக நினைத்துத் தாக்கும்.

2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் என்ற மருந்து இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது. அது இரண்டு கை உள்ள ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்: ஒரு கையில் ஒன்பதைப் பிடிக்கும், மறு கையில் பத்தை. உருவத்தில் எட்டைப் போல இல்லாததால் எட்டைத் தாக்கும் எதிர்ப்பு அதன்மேல் பாயாது. தோலுக்கடியில் போடுகிற ஊசி. மாதம் ஒன்றுகூடப் போதும். ஒரு சிக்கல் உண்டு: இந்த மருந்து எடுப்பவருக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஏபிடிடி பரிசோதனை செய்தால் எல்லாம் நார்மல் என்று காட்டும். உண்மை அதுவல்ல. ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் மரபணு சிகிச்சை. வேலூர் சிஎம்சியில் ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேரின், ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து, ஃபேக்டர் எட்டின் மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் செல்லைத் திருப்பி ஏற்றுவதற்கு முன் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய கீமோதெரபியைத் தாங்க வேண்டும். ஃபேக்டர் ஒன்பது குறைகிற ஹீமோபிலியா பி-க்கு 2022இல் அமெரிக்காவில் வந்த ஹெம்ஜெனிக்ஸ், ஒரே தடவை ஏற்றும் மரபணு சிகிச்சை. வந்தபோது விலை 35 லட்சம் டாலர்.

ஏற்கெனவே அரித்துப்போன மூட்டை எந்த மருந்தும் திருப்பித் தராது. பெண்களைப் பற்றியோ பேச்சே இல்லை. இந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கும். மாதவிடாயில் அதிகமாகப் போகும். “சிலருக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள். தம்பியின் ரத்தத்தைப் பத்துத் தடவை சோதித்த வீட்டில், அக்காவின் ஃபேக்டர் அளவை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.