உணவுச் சங்கிலி, ஊட்ட மட்டம், ஆற்றல் பாய்ச்சல்

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. போன வாரம் சார்ட் அட்டையில் பாட்டில் மூடியை வைத்து ஐந்து வட்டம் வரைந்தாள். நெல், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு, பருந்து. வட்டங்களைக் கோத்துச் சங்கிலியாக்கிவிட்டு, "சித்தப்பா, எல்லா வளையமும் ஒரே சைஸ்லதானே இருக்கணும்?" என்று கேட்டாள். சங்கிலி என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் வயலில் நடப்பது அப்படி இல்லையே. அவள் கையைத் தப்பாக நடத்தியது பாடம் அல்ல, அந்தச் சொல்தான். அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

சங்கிலி, வடமொழியின் 'சிருங்கலா' பிராகிருதத்தில் தேய்ந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொல். வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சுந்தரர் மணந்த சங்கிலியாரும் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனும் இந்தப் பெயர்க்காரர்கள்தாம். அதற்கு முன்பு தமிழில் இந்தப் பொருளுக்கு இருந்த சொல் 'தொடர்'. புறநானூற்றின் 74-ஆம் பாட்டில், சோழன் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தன் நிலையைச் சொல்லும்போது 'தொடர்ப்படு ஞமலியின்' என்கிறான். சங்கிலியில் கட்டிய நாயைப் போல என்று பொருள். அப்படியானால் 'உணவுத் தொடர்' என்றே சொல்லலாமே? சொல்லலாம்தான். ஆனால் இன்றைக்குத் தொடர் என்றால் டிவியில் வருவது, இல்லாவிட்டால் கிரிக்கெட்டில் வருவது. உணவுத் தொடர் என்று எழுதினால் சமையல் நிகழ்ச்சியின் எட்டாம் பகுதி என்று நினைப்பார்கள். சங்கிலியை விரட்ட எனக்கு விருப்பமில்லை. தமிழ்நாடு, இலங்கை இரண்டின் பாடநூல்களிலும் அது உட்கார்ந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்து விலங்கியலாளர் சார்லஸ் எல்டன். 1921-இல் ஆக்ஸ்போர்டு மாணவராக ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குப் போனார். உயிரினங்கள் குறைவாக உள்ள இடம் என்பதால் யார் யாரைத் தின்கிறார்கள் என்று கணக்கெடுப்பது அங்கே எளிது. சம்மர்ஹேஸ் என்பவரோடு சேர்ந்து 1923-இல் அவர் வெளியிட்ட கரடித் தீவுப் படத்தில் பனிநரிகள், கடற்பறவைகள், பூச்சிகள் எல்லாம் அம்புக்குறிகளால் பின்னிக் கிடக்கும். 1927-இல் விலங்குச் சூழலியல் பற்றி எழுதிய நூலில் 'ஃபுட் செயின்' வந்தது. அதே நூலில் பல சங்கிலிகள் சேர்ந்த மொத்தத்துக்கு 'உணவுச் சுழற்சி' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிற்கவில்லை. இன்று அதையே உணவு வலை என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அதே நூலில் ஓர் அத்தியாயத்தின் தலையில் சீனப் பழமொழிகளைப் போட்டிருந்தார். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பது ஒன்று. ஒரே மலை இரண்டு புலிக்கு இடம் தராது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். அது யார் யாரைத் தின்பது என்பதைப் பற்றியது அல்ல, எத்தனை பேர் இருக்க முடியும் என்பதைப் பற்றியது.

உண்பவர்களை வகை பிரித்து உற்பத்தி செய்வோர், நுகர்வோர், சிதைப்போர் என்று சொன்னது ஜெர்மனியின் ஏரி ஆய்வாளர் தீனமன். இவற்றின் தமிழாக்கத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் நெல்லை 'உற்பத்தியாளர்' என்கிறது, வெட்டுக்கிளியை 'முதல்நிலை நுகர்வோர்' என்கிறது. நுகர்வோர் என்றதும் ரசீதோடு நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்கும் ஒருவர்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார். ஆர், ஓர் ஆகிய விகுதிகள் மனிதர்களுக்கு உரியவை, வெட்டுக்கிளி அஃறிணை. இலங்கைப் பாடநூல்கள் இதில் இலக்கணம் பிசகவில்லை: உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி. 'நுகரி' எவ்வளவு கச்சிதம்! தாவர உண்ணி, ஊன் உண்ணி என்று நாம் ஏற்கனவே சொல்லி வருவதும் இதே வார்ப்புதான். (உண்ணி என்று தனியாகச் சொன்னால் மாட்டின் காதில் ஒட்டியிருப்பது. அதுவும் ஒரு நுகரிதான்.)

அடுத்தது 'டிரோஃபிக் லெவல்', அதாவது உணவுச் சங்கிலியில் ஓர் உயிர் நிற்கும் இடம். இதைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது பலர் டிராஃபிக் என்றே எழுதிவிடுகிறார்கள், படிப்பவருக்குச் சிக்னல் ஞாபகம் வருகிறது. மூலம் கிரேக்கத்தின் 'ட்ரோஃபே'. ஊட்டம், வளர்ப்பு என்று பொருள். நம் ஊட்டத்துக்கும் அதே பொருள்தான்: உண் தன்வினை, ஊட்டு பிறவினை, அதிலிருந்து ஊட்டம். ஆகவே ஊட்ட மட்டம் என்ற பாடநூல் சொல்லில் முதல் பாதி அப்பழுக்கற்றது. இலங்கையில் போசணை மட்டம் என்பார்கள். போசணை வடமொழி, பொருள் ஒன்றே. இரண்டு பெயரிலும் எனக்கு உறுத்துவது மட்டம்தான். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும் மட்டம் சரி, ஆனால் பேச்சில் 'மட்டமான' என்றால் தரக்குறைவு. மட்டம் ஏற ஏறத் தரமும் ஏறுகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பருந்து நெல்லைவிட உசத்தி இல்லை, பசி அடங்க அது காத்திருக்கும் வரிசை நீளம், அவ்வளவே.

என்னைக் கேட்டால் 'உண்படி' என்பேன். படி என்றால் ஏறும் படி. படி என்றால் அளக்கும் படியும்தான். ஒவ்வொரு படி ஏறும்போதும் கையில் உள்ள படி சிறுத்துக்கொண்டே போகிறது என்பதை இந்த ஒரே சொல் சொல்லிவிடும். 'உணவுப்படி' என்று மட்டும் வைத்துவிடக் கூடாது, அரசு ஊழியர்கள் எந்த மாதத்திலிருந்து என்று கேட்பார்கள்.

இந்தப் படிகளை ஆற்றலின் கணக்கில் முதலில் கொண்டுவந்தவர் ரேமண்ட் லிண்டேமன் என்ற இளைஞர். அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் ஏரி என்ற சிறிய, தூர்ந்துகொண்டிருந்த ஏரியில் பாசியிலிருந்து மீன் வரை பல ஆண்டுகள் அளந்தார். கட்டுரையை இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. ஏட்டுக் கணக்கு அதிகம், தரவு போதாது என்பது மதிப்பீட்டாளர்களின் குறை. யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் விடாமல் வாதாடினார். கட்டுரை 1942 அக்டோபரில் வெளிவந்தபோது லிண்டேமன் உயிரோடு இல்லை. அந்த ஜூன் மாதமே, 27 வயது நிறையும் முன்பே, நோயில் இறந்துவிட்டார்.

நம் பாடநூல்களில் 'லிண்டேமனின் பத்து சதவீத விதி' என்று ஒன்று இருக்கும். ஒரு படியில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்பது அது. அவருடைய ஏரி அவ்வளவு சுத்தமாகப் பத்துப் பத்தாக இறங்கவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஓராண்டு விழுந்த வெயில் 1,18,872 கலோரி. அதில் தாவரங்கள் பிடித்தது 111.3, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாவர உண்ணிகளுக்குப் போனது 14.8, சுமார் 13 விழுக்காடு. ஊனுண்ணிகளுக்கு 3.1, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 1957-இல் ஹோவர்ட் ஓடம் வெளியிட்ட ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக் கணக்கும் அப்படியே. ஆண்டுக்குச் சதுர மீட்டரில் தாவரங்கள் பிடித்தது 20,810 கிலோகலோரி. தாவர உண்ணிகளிடம் 3,368, ஊனுண்ணிகளிடம் 383, உச்சியில் இருந்தவற்றிடம் 21. பங்கு போட்டுப் பார்த்தால் 16, 11, 5 என்று வருகிறது. பத்து என்பது விதி இல்லை, கைக்கணக்கு. நினைவில் நிற்க உதவும், அதற்கு மேல் அதைத் தோளில் தூக்க வேண்டியதில்லை.

மீதி எங்கே போனது? இங்கேதான் ஆற்றல் என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். 'எனர்ஜி'யின் உள்ளே இருப்பது கிரேக்கத்தின் 'எர்கோன்', செயல். ஆற்றுதல் என்றால் செய்தல், ஆகவே ஆற்றல் அதற்கு நேர்ச்சொல். இலங்கையில் இதையே சக்தி என்பார்கள், 'பவர்' என்பதற்கு வலு. ஆனால் ஆற்று என்ற ஒலிக்கு நம் வீட்டில் இன்னொரு வேலை உண்டு. டபராவில் காப்பியை ஆற்றுகிறோமே, அது. வள்ளுவர் 225-ஆம் குறளில் 'ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்' என்று ஒரே மூச்சில் வலிமையையும் பசியைப் பொறுப்பதையும் ஆற்றல் என்றே சொல்லிவிடுகிறார். பொருள் வேறு வேறு என்றாலும் காதில் மூன்றும் சேர்ந்து விழும்போது எனக்கு வயல்தான் தெரியும்: பசியாற உண்டது, செயலாற்றச் செலவானது, கடைசியில் சூடாக ஆறிப் போனது.

வெட்டுக்கிளி நெல்லின் வேரையும் வைக்கோலையும் தொடுவதில்லை. தின்றதிலும் ஒரு பகுதி எச்சமாக விழுந்துவிடும். செரித்ததில் பெரும்பங்கு தாவுவதற்கும் மூச்சுவிடுவதற்கும் போய் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். உடம்பாக நின்றது மட்டும்தான் தவளைக்கு. இதில் பாம்பு ஒரு சிக்கனக்காரன். உடம்பைச் சூடாக வைத்திருக்க அது தீனியைச் செலவழிப்பதில்லை, வெயிலில் படுத்துக்கொள்ளும். ஒரு எலியை விழுங்கினால் நாள்கணக்கில் தாங்கும். பருந்தின் உடம்பு எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும், அதனால் அது விழுங்கியதில் பெரும்பகுதி சூட்டுக்கே போய்விடுகிறது.

ஆற்றல் இப்படிப் படிக்குப் படி போவதைத் தமிழ்நாட்டில் ஆற்றல் ஓட்டம் என்கிறோம். ஓட்டம் என்றதும் இரத்த ஓட்டம் நினைவுக்கு வருகிறது. இரத்தம் சுற்றிவிட்டு இதயத்துக்கே திரும்பும், ஆற்றல் திரும்பாது. இலங்கை வழக்கில் சக்திப் பாய்ச்சல் என்கிறார்கள். இதுதான் சொல். புலிப் பாய்ச்சலை மறந்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினையுங்கள். தலைமடையில் மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டால் வாய்க்கால் நிறையத் தண்ணீர். போகிற வழியில் மண் குடிக்கும், வெயில் குடிக்கும், வரப்பில் நண்டு வளை இருந்தால் அது தன் பங்குக்கு ஒழுக்கிவிடும். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். புலியும் பருந்தும் கடைமடை. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 மான், காட்டுப்பன்றி போன்றவற்றை அடிக்கும். அந்த 50 குறையாமல் கிடைக்கச் சுமார் 500 உருப்படி காட்டில் மேய வேண்டும் என்பது புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் போன்றோரின் கணக்கு. எல்டன் எடுத்துப்போட்ட பழமொழியின் மலை இதுதான்.

பாய்ச்சலையும் சுழற்சியையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கொஞ்சம் நிற்கலாம். பாசியையும் நீர்ச்செடியையும் தின்று வளர்ந்தது நத்தை. நத்தையைக் குத்தித் தின்று வளர்ந்தது நத்தைகுத்தி நாரை. மூன்றே படி. மரத்தில் இருக்கும் நாரையின் எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் கீழே வயல்களுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்ததற்கு இந்த உரமும் ஒரு காரணம். இதில் திரும்பி வந்தது தழைச்சத்தும் மணிச்சத்தும். சத்து சுழலும். பாசி பிடித்த வெயில் மட்டும் திரும்பி வரவில்லை. அது நாரையின் சிறகடிப்பில் சூடாகிப் போய்விட்டது. அடுத்த போகத்துக்குப் புது வெயில்தான் வேண்டும்.

இதையெல்லாம் ஏழாம் வகுப்புக்குச் சொன்னால் தூக்கம் வரும். "வளையத்தோட பரப்பை ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒண்ணாக் குறைச்சு வரைஞ்சு பாரேன்" என்று மட்டும் சொன்னேன். கைக்கணக்குதான், சார்ட்டுக்குப் போதும். நெல்லுக்குப் பத்து சென்டிமீட்டர் விட்டம், அதற்குக் குழம்புக் கிண்ணம் உதவியது. வெட்டுக்கிளி மூன்று சென்டிமீட்டர் சொச்சம், பழைய பாட்டில் மூடி. தவளை ஒரு சென்டிமீட்டர், சட்டைப் பொத்தான். பாம்புக்கு மூன்று மில்லிமீட்டர், கையாலேயே போட்டாள். பருந்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர், பேனா முனையால் ஒரு புள்ளி. அட்டையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதுக்குள்ள பருந்துன்னு எப்படி சித்தப்பா எழுதறது?"